கேள்வி ஏதும் இல்லை, சார்

மார்க்வெட், மிச்சிகன்
27 ஏப்ரல் 1997

டீலி,

நீ ஜெயித்துவிட்டாய், போ. அப்பாவைக் கடலுக்கே அனுப்புகிறேன்.

சந்தோஷமாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. பிப்ரவரியிலிருந்து அவருடைய சாம்பல் பெட்டி ஃபிரிட்ஜ் மேலே உட்கார்ந்திருக்கிறது. காபித்தூள் எடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் அதில் இடிக்கிறது. "மன்னிச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி போடுகிறேன். பாதிரியார் நியெமி ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, அடக்கம் எப்போது என்று கேட்கிறார். அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது. அப்பாவே தனக்கென்று வாங்கிப் போட்ட இடம். அதை நீ வசதியாக மறந்துவிட்டாய்.

இருபத்திரண்டு வருஷம் கடற்படையில் மேல்தள மாலுமிகளுக்கு மேஸ்திரியாக இருந்த மனிதர் கடலில்தான் கரைய வேண்டும் என்கிறாய். அவர் அப்படிச் சொன்னது எனக்கும் தெரியும். சௌனா நீராவி அறையிலிருந்து வெளியே வந்து இரண்டு பியர் குடித்தபிறகு சொல்வார். இரண்டு பியருக்குப் பிறகு பக்கத்து வீட்டு நாயைச் சுடப்போவதாகவும் சொல்வார். அதில் எதை அவருடைய கடைசி ஆசையாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் உனக்கும் எனக்கும் சண்டை.

கடற்படைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்குத்தான். நான் காங்காஸ், நீ பெல்கி. சொல்லிக் காட்டுகிறான் என்று கோபப்படாதே, சொல்லித்தான் காட்டுகிறேன். உன் அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு அம்மா இல்லை, உனக்கு அப்பா இல்லை. நான் உன் அம்மாவை அம்மா என்றேன். நீ என் அப்பாவை அப்பா என்றாய். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவர் கப்பல் கதையெல்லாம் சொன்னது உனக்கு. எனக்குக் கொடுத்தது பனி அள்ளும் மண்வெட்டி. இன்றைக்கும் மாவட்டத்துச் சாலையில் பனிதான் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நார்ஃபோக் கடற்படை அலுவலகத்தில் ஒரு அம்மாளிடம் போனில் பேசினேன். இதற்குக் குடும்பத்தார் யாரும் கப்பலில் ஏற முடியாதாம். மாலுமிகளே கடலில் சேர்த்துவிட்டுத் தபாலில் தெரிவிப்பார்களாம். நீ இந்தக் கோடையில் கடற்படை அகாடமியிலிருந்து பயிற்சிக்குக் கப்பலில் போகிறாய். அந்தக் கப்பலிலேயே அவரும் போகட்டும். பெட்டியைப் பிடிப்பது உன் கையாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவன் கையால் அவர் போகக் கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் எழுது. இல்லையென்றால் பனியில் இறுகிய மண் இளகியதும் அம்மா பக்கத்தில் வைத்துவிடுவேன்.

ஆர்னி

•

அகாடமி
4 மே 1997

ஆர்னி அண்ணா,

வாக்குக் கொடுக்கிறேன். பெட்டி என் கையில்தான் இருக்கும். நீ சம்மதித்ததைப் படித்துவிட்டு, துணி துவைக்கும் அறையில் போய் நின்று அழுதேன். அங்கேதான் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

என்னை அனுப்பப்போகும் கப்பலின் பெயரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாளிடம் இதே கப்பல்தான் வேண்டும் என்று நீயே கேள். குடும்பத்தார் கேட்டால் முடிந்தவரை ஒத்துக்கொள்வார்களாம்.

இங்கே எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறோம். சட்டை, காலுறை, துண்டு என்று ஒவ்வொன்றிலும் பெயரை அச்சுக் குத்த வேண்டும். எங்களை அழைத்துப் போகும் லெஃப்டினென்ட் ஸ்ட்ரௌட் நேற்று ஒரு மணி நேரம் பேசினார். கப்பலில் நாங்கள் விருந்தாளிகள். அதிகாரியும் இல்லை, மாலுமியும் இல்லை. மாலுமிகளோடு தூங்கி, மாலுமிகளோடு தரை துடைத்து, அவர்கள் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குலாவக் கூடாது. முணுமுணுக்கக் கூடாது. "வீட்டை முதுகுல தூக்கிக்கிட்டு யாரும் கப்பலுக்கு வராதீங்க" என்றார். நல்ல மனிதர்தான்; காலர் மட்டும் எப்போதும் கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கும்.

முதல் வருஷத்துப் பிள்ளைகள் மேலதிகாரிக்கு ஐந்தே ஐந்து பதில்தான் சொல்லலாம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஆம் சார், இல்லை சார், உத்தரவு சார், சாக்கு இல்லை சார், விசாரித்துச் சொல்கிறேன் சார். அவ்வளவுதான். வருஷம் முடியப் போகிறது, வாய் அப்படியே படிந்துவிட்டது. போன வாரம் பல் டாக்டர் "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். "சாக்கு இல்லை சார்" என்றேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பெட்டியைப் பத்திரமாகக் கட்டி அனுப்பு, அண்ணா.

டீலியா

•

மார்க்வெட்
19 மே 1997

டீலி,

வேலை முடிந்தது. அந்த அம்மாளுக்குப் போன் போட்டேன். ஏன் அந்தக் கப்பல் என்று கேட்டாள். "வீட்டு விஷயம்" என்றேன். அதற்குமேல் அவள் தோண்டவில்லை.

பெட்டியைப் பழுப்புத் தாளில் சுற்றித் தபாலாபீசுக்குக் கொண்டு போனேன். ஜன்னலில் எய்லா இருந்தாள், அம்மாவோடு பாட்டுக் குழுவில் பாடுவாளே, அவள்தான். முகவரியைப் பார்க்காமலேயே, "என்ன இது, உடையுமா?" என்று கேட்டாள். "இனிமே உடையாது" என்றேன். பிறகு 'மனிதச் சாம்பல்' என்று ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே கொண்டு போனாள். மற்ற மூட்டைகளைத் தூக்கி எறிகிற கூடையில் அதைப் போடவில்லை. நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் மேலே வெறிச்சென்று இருந்தது. ரொட்டி வாட்டுகிற இயந்திரத்தை எடுத்து அங்கே வைத்தேன். பிறகு அதையும் எடுத்துவிட்டேன்.

கப்பல் கேப்டனிடம் சொல்லிவிட்டாயா? அனுப்பியவன் பெயர் காங்காஸ், நீ பெல்கி. நீ சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

ஆர்னி

•

கப்பலில், அட்லாண்டிக்
9 ஜூன் 1997

ஆர்னி அண்ணா,

அப்பா வந்து சேர்ந்துவிட்டார். நார்ஃபோக்கிலிருந்து புறப்படுவதற்கு முந்தின நாள் கப்பலின் துணைத் தலைவர் ஒரு பழுப்புப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி வந்தார். உன் கோணல் எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் துடைப்பத்தோடு விறைப்பாக நின்றேன். எல்லா அதிகாரிக்கும் அப்படித்தான் நிற்பேன் என்பதால் அவர் கவனிக்கவில்லை. பெட்டி இப்போது அவருடைய அறையில் பூட்டியிருக்கிறது. ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனைக்குப் பிறகு கடலில் சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள்.

என்னை லவோன் பிரூயிட் என்ற மேல்தளப் பெண்ணிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க அவள் பின்னாலேயே போய் அவள் செய்வதைச் செய்ய வேண்டும். துரு சுரண்டுகிறோம், வண்ணம் பூசுகிறோம், வடம் இழுக்கிறோம். கை கொப்பளித்துக் கிடக்கிறது. அப்பா இந்த வேலையைச் செய்துதான் முதுகை ஒடித்துக்கொண்டார் என்று நினைக்கும்போது கொப்பளம் வலிக்கவில்லை.

கேப்டனிடம் இன்னும் சொல்லவில்லை. திட்டாதே, கேள். எங்களோடு விட்கோம்ப் என்று ஒரு பையன் இருக்கிறான். அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டுக்கு ஒரு போன் பேசலாமா என்று லெஃப்டினென்ட் ஸ்ட்ரௌட்டிடம் கேட்டான். அவர் உடனே அனுமதி கொடுத்தார். ஆனால் அன்றிலிருந்து அவனுக்குத் 'தாய்மாமன்' என்று பட்டப்பெயர். வடம் கை நழுவினால்கூட "தொட்டில் கயிறு இல்லடா மாமா" என்கிறார்கள். அவன் ஆண், சிரித்துவிட்டுப் போய்விடுகிறான். முதல் நாளே பிரூயிட் என்னிடம் சொன்னாள்: "இந்தக் கப்பல்ல பொம்பளைங்க கால் வெச்சே ரெண்டு வருஷம்தான் ஆச்சு. நாம ஒருத்தி கண்ணைக் கசக்கினா, அத்தனை பேருக்கும் சேர்த்து எழுதிடுவானுங்க. அழணும்னா கக்கூஸ்ல அழு."

இப்போதே சொன்னால், இந்த நாலு வாரமும் நான் அப்பாவை இழந்த பெண்ணாகத்தான் இருப்பேன். மெதுவாகப் பேசுவார்கள். கஷ்டமான வேலையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். ஒரு சாதாரண ஆளாக இருந்துவிட்டு, சனிக்கிழமை போய்ச் சொல்கிறேன். ஒரு நாள் போதும்.

டீலியா

•

மார்க்வெட்
17 ஜூன் 1997

டீலி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. இது உன் கைக்கு வருவதற்குள் ஞாயிறே முடிந்துவிடுமோ என்னவோ. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உனக்கு அகாடமியில் வாயைத் தைத்துவிட்டார்களா? சனிக்கிழமை என்ன சனிக்கிழமை? இதைப் படித்த நிமிஷம் எழுந்து போய்ச் சொல். பட்டப்பெயர் வைப்பார்களாம். வைக்கட்டுமே. அந்த மனிதர் உனக்கு மூன்று வயதில் அம்மை போட்டபோது, தனக்கும் ஒட்டிக்கொண்டு, உன்னோடு சேர்ந்து முகமெல்லாம் புள்ளியாக உட்கார்ந்திருந்தவர். ஊரே சிரித்தது.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். பெயர் வேறாக இருப்பதால்தான் நாக்கு எழவில்லையா? காங்காஸ் என்று சட்டையில் குத்தியிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாய், இல்லையா?

ஆர்னி

•

மார்க்வெட்
8 ஜூலை 1997

டீலியா,

பார்சல் வந்தது. மடித்த கொடி. அவருக்கு மரியாதையாகச் சுட்ட துப்பாக்கிக் குண்டுகளின் காலி உறைகள். கடல் வரைபடத்தில் ஒரு நீல வட்டம், அதைச் சுற்றி வெறும் தண்ணீர். கேப்டன் தன் கையாலேயே எழுதிய கடிதம், மரியாதையான கடிதம். கூடவே புகைப்படங்கள்.

சமையலறை மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். முதல் படத்தில் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்கிறார்கள். அதில் உன்னைத் தேடினேன். அடுத்ததில் துப்பாக்கியோடு நிற்பவர்கள். அதிலும் தேடினேன். கடைசிப் படத்தில் ஒருவன் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் பெட்டியைச் சாய்க்கிறான். பெரிய உடம்பு, குழந்தை முகம், காது இரண்டும் தனியாக நிற்கின்றன. அப்பாவின் மீன் தூண்டில் பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே நீயாக இருக்குமோ என்று ஒரு பையன் முகத்தைக்கூட ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேதி ஜூன் 20 என்று போட்டிருக்கிறது. நீ சொன்னது 22. அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நீ எங்கே இருந்தாய்?

ஆர்னி

•

அகாடமி
14 ஜூலை 1997

ஆர்னி அண்ணா,

நான் கப்பலில் இல்லை. பெட்டியைப் பிடிக்கவில்லை. வாக்குத் தவறிவிட்டேன்.

சாக்கு இல்லை.

டீலியா

•

மார்க்வெட்
18 ஜூலை 1997

நீ எழுதியதை மடித்து உனக்கே திருப்பி அனுப்பலாம் என்று உறைகூட எடுத்துவிட்டேன்.

சாக்கு இல்லையாம். அது உன் லெஃப்டினென்ட்டுக்குச் சொல்கிற பதில். அவர் கேட்டால் அப்படிச் சொல்லிவிட்டுக் குதிகாலைத் தட்டு. நான் உன் அண்ணன். உன் மூக்கைத் துடைத்துவிட்டவன். எனக்குச் சாக்கு வேண்டும். மோசமான சாக்காக இருந்தாலும் பரவாயில்லை, முழுசாகச் சொல். அன்றைக்கு என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், நீ எங்கே நின்றாய், எல்லாம் வேண்டும். என் அப்பாவை உன் பேச்சை நம்பித்தான் அனுப்பினேன்.

அதுவரை எனக்கு வேறு எதுவும் எழுதாதே.

ஆர்னி

•

அகாடமி
27 ஜூலை 1997

அண்ணா,

எழுதுகிறேன். எந்த இடத்திலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை லெஃப்டினென்ட் ஸ்ட்ரௌட் ஆறு பேர் பெயரை வாசித்தார். எங்களில் நன்றாக நடந்துகொண்டவர்களை ஹெலிகாப்டரில் விமானந்தாங்கிக் கப்பலுக்குக் கூட்டிப்போய், விமானம் ஏறி இறங்குவதைக் காட்டுவதாக ஏற்பாடு. அது ஒரு பரிசு. என் பெயர்தான் முதலில் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் திரும்பிவிடலாம் என்றார். ஞாயிறுதானே அப்பாவுக்கு, சனிக்கிழமை வந்ததும் நேராகக் கேப்டனிடம் போகலாம் என்று கணக்குப் போட்டேன். "உத்தரவு சார்" என்றேன்.

பின்தளத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். ஹெலிகாப்டர் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. அப்போது பிரூயிட் குனிந்தபடி ஓடி வந்து என் காதருகே கத்தினாள்: "ஞாயித்துக்கிழமை புயலாம். அந்தப் பெரியவரை இன்னிக்கே அனுப்பிடறோம். நீ அதைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்." என் முதுகைத் தட்டிவிட்டுப் போனாள்.

எனக்கு எதிரில் லெஃப்டினென்ட் ஸ்ட்ரௌட் நின்றார். அவர் எங்கள் ஆறு பேரையும் பார்த்து, ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டார். என்னைத்தான் பார்த்துக் கேட்டார், அண்ணா. என் முகத்தில் எதையோ பார்த்திருப்பார் போலிருக்கிறது, இரண்டாவது முறையும் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். 'அந்தப் பெட்டியில் இருப்பவர் என் அப்பா' என்று சொல்லத்தான் திறந்தேன். "கேள்வி ஏதும் இல்லை, சார்" என்று வந்தது. என் காதாலேயே கேட்டேன். பிறகு எல்லோரும் ஓடினார்கள், நானும் ஓடி ஏறினேன்.

யாரும் என்னைத் தள்ளி ஏற்றவில்லை. விதி எதுவும் தடுக்கவில்லை. அந்த இடத்தில் கையைத் தூக்கியிருந்தால் போதும்.

பெரிய கப்பலில் எங்களுக்கு ராஜ உபசாரம். மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு மேல் மாடத்துக்குப் போனேன். எங்கள் கப்பல் தூரத்தில் தெரிந்தது. வேகம் குறைந்து ஏறக்குறைய நின்றேவிட்டது. கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கியது. பக்கத்தில் நின்ற விட்கோம்ப், "அங்க என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றான். துப்பாக்கி சுட்டிருப்பார்கள். எனக்குக் கேட்கவில்லை. கேட்குமோ என்று காத்துக்கொண்டே நின்றேன். பிறகு கொடி மேலே ஏறியது, கப்பல் நகர்ந்தது. ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் போயிருந்தது.

திரும்பி வந்ததும் பிரூயிட்டிடம் சொன்னேன். அவள் என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "அடிப்பாவி" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக் கேப்டன் அறைக்கு இழுத்துப் போனாள். கேப்டன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஹெலிகாப்டரையே திருப்பிக் கூப்பிட்டிருப்பேனேம்மா. இந்தக் கப்பல்ல உன்னை யாரு வேணாம்னு சொல்லியிருப்பாங்க?" அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன்.

நான் அங்கே இல்லாமல் போனதையும் உனக்கு அவரே எழுதுவதாகச் சொன்னார். அதை மட்டும் நான் எழுதுகிறேன் சார் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு நானும் எழுதவில்லை.

லெஃப்டினென்ட் ஸ்ட்ரௌட் என்னைப் பற்றிய மதிப்பீட்டை வியாழக்கிழமையே எழுதி முடித்திருந்தார். எங்கள் குழுவிலேயே உயர்ந்த மதிப்பெண். 'தனக்கென்று எதையும் கேட்காதவள்' என்று எழுதியிருக்கிறார். அவர் பாராட்டாகத்தான் எழுதினார்.

நீ கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். உன் ஜூன் 17 கடிதம் 24ஆம் தேதி தபால் மூட்டையில் வந்தது. பெயர்தான் காரணமா என்று கேட்டிருந்தாய். முதல் வாரத்தில் பிரூயிட் என்னிடம், "அந்தப் பெரியவரும் மிச்சிகனாமே, உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள். "மிச்சிகன் பெரிய ஊரு" என்றேன். சட்டையில் காங்காஸ் என்று இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. பெல்கி என்று இருந்ததால் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. நான் அந்த வழியில் போனேன். கப்பலில் எல்லோரும் அவரைப் பெரியவர், பெரியவர் என்றார்கள். நானும் கடைசிவரை அப்படியே சொன்னேன்.

டீலியா

•

மார்க்வெட்
20 ஆகஸ்ட் 1997

டீலி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. சாலையில் தார் போடுகிற காலம், உடம்பு அலுத்துப் போகிறது.

அந்தக் காது பெரிய பையனுக்கு எழுதினேன். கேப்டன் கடிதத்தில் பெயர் இருந்தது, ஹோலிஸ் டப்ஸ். பதில் போட்டிருக்கிறான், அலபாமாக்காரன். பெட்டியைக் காலை உணவுக்குப் பிறகே அவனிடம் கொடுத்துவிட்டார்களாம். கீழே வைக்க மனசு வராமல், சடங்கு நேரம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தானாம். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மாதிரியாக இருந்ததால், தன் ஊரில் வளர்க்கும் வேட்டை நாய்களைப் பற்றிப் பெட்டியிடம் பேசினானாம். "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று எழுதியிருக்கிறான். காற்று அடங்கியிருந்ததாம். சாம்பல் நேராகத் தண்ணீரில் விழுந்து, கொஞ்ச நேரம் வெள்ளையாகப் பரவி நின்றதாம். படித்துவிட்டு அழுதேன். அவனுக்கு நன்றி எழுதினேன்.

முன்பின் தெரியாத ஒருத்தன் அவ்வளவு செய்திருக்கிறான். அதை நீ செய்திருக்க வேண்டும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன், கை வரவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் வரலாம். இன்றைக்கு இல்லை.

ஆனால் ஒன்றை நானும் யோசித்தேன். ஏன் அந்தக் கப்பல் என்று நார்ஃபோக் அம்மாள் என்னிடம் கேட்டாள் அல்லவா. 'என் தங்கச்சி அதில் இருக்கிறாள்' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வீட்டு விஷயம் என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். அப்பாவும் அப்படித்தான். மார்பு வலிக்கிறது என்று ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் பனி அள்ளினார். அவர் உன்னைப் பெறவில்லை, ஆனால் வளர்த்தது நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது.

அம்மா பக்கத்தில் கல் வைக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை, தெரியும். இருந்தாலும் பெயரைப் படிக்க எனக்கு ஒரு இடம் வேண்டும். கல் வெட்டுகிறவர் கேட்டார், பெயர், வருஷம், கடற்படைப் பதவி எல்லாம் போட்ட பிறகு கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, என்ன போடலாம் என்று. 'ஆர்னியின் தந்தை' என்று போடச் சொல்லியிருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் தயாராகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்னி

•

அகாடமி
28 ஆகஸ்ட் 1997

ஆர்னி அண்ணா,

நீ பொய் எழுதாததற்கு நன்றி. எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே புதுசாக முதல் வருஷப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அந்த ஐந்து பதிலையும் காலையிலிருந்து என் ஜன்னலுக்குக் கீழே கத்துகிறார்கள். நேற்று மாடிப்படியில் ஒரு பெண் கண் வீங்கி நின்றாள். "ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டேன். "இல்லை மேடம்" என்றாள். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். என்னால் அவள் வாயிலிருந்து எதையும் வரவழைக்க முடியவில்லை.

இதற்குக் கீழே எழுதுவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுத உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கல் வெட்டுகிறவரிடம் இன்னும் சொல்லலாமென்றால், அந்தக் கடைசி வரியில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போடச் சொல்வாயா? பெல்கி வேண்டாம், வெறும் டீலியா போதும். இடம் நெருக்கடியாக இருந்தால் சின்ன எழுத்தாக இருக்கட்டும். அவர் என் அப்பா என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. அதை யாராவது படிக்கிற மாதிரி ஒரு இடத்தில் எழுதியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நீ மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் தப்பில்லை, நான் மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். இல்லை, செய்வேன். அடுத்த மாதமும் கேட்பேன்.

டீலியா